விடியுமுன் கூட்டிய வாசல்

பெரட்டு மணி இல்லாத ஊருக்கு வந்த பிறகும் செல்லாயி பெரட்டு நேரத்துக்கே எழுந்துகொண்டிருந்தாள். மலாயாவில் செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஆபீஸ் வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். இருட்டோடு இருட்டாக ஒருவன் அதை இரும்பால் அடிப்பான். அந்தச் சத்தத்துக்கு, கூலிகள் வரிசை வீடுகளான லயத்துச் சனம் முழுக்க எழுந்து ஓடி, வரிசையில் நின்று பேர் கொடுக்க வேண்டும். அதுதான் பெரட்டு. கப்பலில் வந்து இறங்கிய நாள் முதல் அந்தச் சத்தம் செல்லாயியின் எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஈப்போவுக்கு வந்து, மணியும் கங்காணியும் எங்கோ பின்னால் நின்றுபோன பிறகும், எலும்பு மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

மோட்டார் வண்டியைக் கண்டால் மாடுகள் மிரண்டு சாக்கடையில் இறங்கிய காலம் அது. ஈப்போவில் ஒரு சந்தின் கோடியில், ஈயத்தில் பணம் பார்த்த சீன முதலாளி ஒருவர் எப்போதோ கட்டிவிட்டுப்போன பழைய பலகை வீடு ஒன்று இருந்தது. செங்கல் தூண்களின் மேல் நிற்கும். அடியில் கோழி மேயும். மழை வந்தால் தகரக் கூரை பேசுகிறவர் வாயை அடைத்துவிடும். அதில் இராஜசிங்கம் என்ற யாழ்ப்பாணத்துக்காரர் குடியிருந்தார். அரசாங்க ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை. அவருடைய மனைவி புனிதவதி. சமையல்கட்டுக்குப் பின்னால் ஒட்டிப்போட்ட சின்ன அறையில் செல்லாயியும் அவள் புருஷன் பிச்சைமுத்துவும்.

அந்த அறை செல்லாயிக்குச் சாதாரண அறை அல்ல. பிச்சைமுத்து ரப்பர் பால்வாளிகளைத் தோளில் சுமந்துகொண்டு சரிவில் உருண்டு முழங்கால் போனவன். நடப்பான், நிற்பான், மேடு மட்டும் ஏற மாட்டான். மேடு ஏறாதவனுக்குத் தோட்டத்தில் என்ன மரியாதை? சித்திரை கழிந்ததும் ஈப்போவுக்கு இறங்கி வந்து விறகு வண்டி ஓட்டினான். செல்லாயிக்கு இந்த வீட்டில் வேலை கிடைத்தது, வேலையோடு அறையும் கிடைத்தது. வேலை போனால் அறை போகும். அறை போனால் மறுபடியும் லயம், மறுபடியும் அந்தத் தண்டவாளத் துண்டு. இதைச் செல்லாயிக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி படுக்கும்போது அந்த அறையின் பலகைச் சுவரை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாள்.

வேலையில் அவளைக் குறை சொல்ல ஆள் பிறக்க வேண்டும். கிணற்றில் நீர் இறைப்பாள். தேங்காய் மட்டையைப் பாதியாகப் பிளந்து காலடியில் வைத்து, இடுப்பை ஆட்டி ஆட்டிப் பலகைத் தரையைத் தேய்ப்பாள். தரையில் முகம் தெரியும். விளக்குச் சிம்னியைச் சாம்பலால் துடைத்து, ஊதி, சேலைத் தலைப்பால் மறுபடியும் துடைப்பாள். வெண்கலத்துக்குப் புளி, ஈயப்பாத்திரத்துக்குச் சாம்பல், ஐயாவின் வெள்ளைக் கால்சட்டைக்குக் கஞ்சி. எல்லாவற்றுக்கும் முன்னால், கண் விழித்த கையோடு, வாசல் கூட்டுவது. லயத்தில் வாசலில் ஓர் இலை கிடந்தாலும் கங்காணி வாயில் வராத சொல் கிடையாது. அதனால் செல்லாயியின் கணக்கில் வாசல் என்றால் மொட்டையாக இருக்க வேண்டும். துடைப்பத்தின் ஈர்க்குக் கோடு தவிர வேறொன்றும் அதன்மேல் தெரியக்கூடாது.

புனிதவதியம்மாவுக்கோ வளவு நிறையப் பூ வேண்டும். அவர்கள் பேச்சில் வீட்டைச் சுற்றியுள்ள நிலம்தான் வளவு. படிக்கட்டின் இரண்டு பக்கமும் செவ்வந்தி, கிணற்றடியில் கல்வாழை, குளிக்கிற இடத்துத் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் காசித்தும்பை, மதில் ஓரத்தில் செம்பருத்தி. ஆனி மாதம் மழை ஒதுங்கி, வெயில் காய்ந்ததும், எல்லாம் ஒன்றுக்கொன்று போட்டி போட்டுப் பூத்தன. அரிசி கழுவிய தண்ணீர், துணி அலசிய தண்ணீர் எதையும் வீணாக்காமல் செல்லாயிதான் சுமந்து ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே முணுமுணுப்பாள்: "இம்புட்டுச் செடி வச்சா பாம்பு வராம என்னா செய்யும்? வந்து பூப் பறிச்சுக் கொடுத்துட்டா போகும்?"

"வாற பாம்பை நீ பார்த்துக்கொள்" என்பார் புனிதவதியம்மா. "உன்ரை வாய்க்குப் பயந்தே அது வராது."

பக்கத்து வீட்டு வேலியை ஒட்டி ஒரு மரம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் தன் தாய்வீட்டுக் கிணற்றடியில் நின்ற பவளமல்லியின் விதையைச் சேலை முடிச்சில் கொண்டுவந்து புனிதவதியம்மா நட்டது. ஆள் உயரம் வளர்ந்தும் பூக்காமல் நின்றது. அந்த ஆனியில்தான் முதல்முறையாக மொட்டு வைத்தது. அன்று சாயங்காலம் வீடு முழுக்க மணம். புனிதவதியம்மா சாப்பாட்டை விட்டு எழுந்துபோய் மரத்தடியில் நின்றார். திரும்பி வந்து, புருஷனிடம், "அம்மா வந்து நிக்கிற மாதிரி இருக்குதப்பா" என்றார்.

பவளமல்லிக்கு ஒரு வழக்கம். அந்தியில் மலரும், விடியுமுன் உதிரும். வெள்ளை இதழும் பவளநிறக் காம்புமாகத் தரையெல்லாம் கிடக்கும். மற்ற பூவைப் போல அதைப் பறிக்க மாட்டார்கள். உதிர்ந்ததைப் பொறுக்கித்தான் சாமிக்கு வைப்பார்கள். புனிதவதியம்மா மறுநாள் விடிந்ததும் குளித்துவிட்டு, பூத்தட்டோடு மரத்தடிக்குப் போனார். தரையில் ஈர்க்குக் கோடுகள் மட்டும் இருந்தன.

செல்லாயி இதெல்லாம் அறியாள். அவள் பிறந்த சேலத்துப் பக்கம் அந்த மரத்தை அவள் பார்த்ததில்லை. விளக்குக்கு எண்ணெய் வீணாகும் என்று இருட்டிலேயே கூட்டுகிறவள் அவள். துடைப்பத்தில் ஈரமாக ஏதோ திரண்டு வரும். கூடையில் அள்ளிக்கொண்டு போய்ப் பின்கட்டுக் குப்பைக்குழியில் கொட்டுவாள். இருட்டில் இலையும் பூவும் ஒன்றுதான். 'ஈப்போ ஊர்க் குப்பைகூட மணக்குதே' என்று ஒருநாள் நினைத்தது உண்டு. அதோடு சரி.

நாள் போகப் போகப் புனிதவதியம்மாவின் முகம் சுண்டியது. ராத்திரி மணக்கிறது, விடிந்தால் பூ இல்லை. மரத்தில் பார்த்தால், இலை இடுக்கில் சிக்கிய ஒன்றிரண்டு பூ, 'நாங்கள் பூத்தது உண்மைதான்' என்று சாட்சி சொல்லின.

"செல்லாயி, விடிய முன்னம் வேலிப் பக்கம் ஆரும் வாறவையோ?"

"இல்லீங்கம்மா. ஒரு காக்கா கூட வரல."

"பிறகெப்பிடிப் பூ இல்லாமல் போகுது? ஆரோ களவெடுக்கினம். நாளைக்கு நீ எழும்பிக் காவல் இரு."

காவல் என்றதும் செல்லாயிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அம்மா தன்னை நம்பி ஒரு பொறுப்புக் கொடுக்கிறார். மறுநாள் இன்னும் முன்னதாகவே எழுந்தாள். கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டு உட்காரலாம் என்று, முதலில் வாசலைச் சுத்தமாகக் கூட்டி, குப்பையைக் குழியில் கொட்டிவிட்டு வந்தாள். பிறகு ஒரு விறகுக் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு மரத்தடியில் கள்ளனுக்காகக் காத்திருந்தாள். கொசு கடித்ததுதான் மிச்சம்.

"எவனும் வரலம்மா. மரத்துல ஒருத்தன் கை வைக்கல. வச்சிருந்தா அந்தக் கைய நான் உட்டுருப்பேனா?"

ஆள் வரவில்லை, பூவும் இல்லை. அப்படியென்றால் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் கை நீள்கிறது என்று புனிதவதியம்மா முடிவு கட்டினார்.

வேலிக்கு அந்தப் பக்கம் அம்பிகை அம்மாள் இருந்தார். அவரும் யாழ்ப்பாணம்தான். புனிதவதியம்மாவுக்கு மூத்தவர். ஊரிலிருந்து பனங்கட்டி வந்தாலும் கருவாடு வந்தாலும் இரண்டு வீட்டுக்கும் பாதிப் பாதி. ஆடி மாதம் பிறக்கும் நாளில் அவர்கள் ஊர் வழக்கப்படி கூழ் காய்ச்சி, முதல் சட்டியை வேலி தாண்டிக் கொடுத்துவிட்டுத்தான் தாங்கள் குடிப்பார்கள். அப்படி இருந்த உறவு. ஆனால் அன்று காலை புனிதவதியம்மா எதற்கோ அங்கே போனபோது, சாமித்தட்டில் பவளமல்லிப் பூ ஒரு பிடி இருந்ததைப் பார்த்துவிட்டார்.

செல்லாயி கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது வேலியில் பேச்சு ஆரம்பித்தது.

"அக்கா, உங்கடை வளவிலை பவளமல்லிகை எப்ப வைச்சனீங்கள்?"

"நான் ஏன் வைக்கோணும்? உம்மடை மரம்தானே இஞ்சாலை சாயுது."

"கிளைதான் சாயுது. கிளையோடை சேர்ந்து எங்கடை பக்கத்துப் பூவும் சாயுமோ?"

அம்பிகை அம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தார். "புனிதம், நீர் என்ன கதை கதைக்கிறீர்? எங்கடை வளவிலை விழுந்த பூவைப் பொறுக்கினது களவோ?"

"உங்கடை பக்கம் விழுகிற பூ எங்கடை பக்கம் மட்டும் விழாதோ? ஒரு பூக்கூட இல்லை!"

"அதை உம்மடை மரத்திட்டைக் கேளும். இனி இந்த வேலியிலை நிண்டு என்னோடை கதைக்க வேண்டாம்."

இரண்டு பேரும் இரண்டு பக்கமாகப் போய்விட்டார்கள். துணியைப் பிடித்த கையோடு செல்லாயி நின்றாள். சண்டை அவள் காதில் பாதிதான் ஏறியது. ஏறியது ஒரு சொல். விழுந்த பூ. விழுந்த பூவையா சாமிக்கு வைக்கிறார்கள்? விழுந்ததையா இத்தனை நாளாகத் தேடுகிறார்கள்?

துணியைக் கொடியில் போட்டுவிட்டு நேரே குப்பைக்குழிக்குப் போனாள். பட்டப்பகலில் அந்தக் குழியை அவள் குனிந்து பார்த்தது அதுதான் முதல்முறை. மேலே இன்றைய பூ, வெள்ளை வாடாமல். கீழே நேற்றையது, முந்தின நாளையது, பழுப்பேறி, அடுக்கடுக்காக. ஒவ்வொரு அடுக்கிலும் அந்தப் பவளக் காம்பு மட்டும் நிறம் போகாமல் கிடந்தது. "அடி ஆத்தா" என்று குழியோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் பிச்சைமுத்து வண்டியை அவிழ்த்துவிட்டு வந்து சோற்றில் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் முதலில் சிரித்தான். பிறகு அறையின் சுவரைப் பார்த்தான், சிரிப்பு நின்றது.

"யார்கிட்டயும் மூச்சு விடாத" என்றான். "நாளைக்கு அந்த மரத்தடிய மட்டும் கூட்டாம விட்டுரு. பூ கிடக்கும். அந்தம்மா அள்ளிக்கிட்டுப் போவாங்க. எல்லாம் சரியாப் போயிரும்."

"அப்ப அந்தப் பக்கத்து அம்மா?"

"அவங்க ரெண்டு பேரும் ஒரே ஊரு. இன்னைக்கு அடிச்சுக்குவாங்க, நாளைக்குக் கூழு குடிப்பாங்க. நமக்கு என்னா? மறுபடி மேட்டுல ஏறச் சொல்றியா என்னைய?"

செல்லாயி எழுந்தாள். கழுவின பாத்திரத்தை எடுத்து மறுபடியும் கழுவினாள்.

மறுநாள் அப்படியே செய்தாள். வாசல், படியடி, கிணற்றடி எல்லாம் கூட்டினாள். மரத்தடிக்கு வந்ததும் துடைப்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு திரும்பிவிட்டாள். குப்பையை விட்டுவிட்டுப் போகிற அந்த நாலடி அவளுக்கு முள்மேல் நடப்பதாக இருந்தது.

விடிந்தது. புனிதவதியம்மா வெளியே வந்தவர் ஒரு சத்தம் போட்டார். மரத்தடி முழுக்க வெள்ளை. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். கண்ணில் தண்ணீர். பார்த்துக்கொண்டிருந்த செல்லாயிக்கும் நெஞ்சு இளகியது. போகட்டும், நல்லபடியாக முடிந்தது என்று மூச்சு விடப்போனாள். அதற்குள் புனிதவதியம்மா நிமிர்ந்து, வேலிக்குக் கேட்கிற குரலில் சொன்னார்:

"கண்டியே செல்லாயி? நேற்றுக் கேட்டன், இண்டைக்குப் பூ கிடக்குது! கள்ளருக்கு ஒருக்கா உறைக்கக் கதைச்சால்தான் கை அடங்கும்."

வேலிக்கு அந்தப் பக்கம் கிணற்று வாளி டமாரென்று கீழே விழுந்தது.

செல்லாயி வேலிப் பக்கம் திரும்பினாள். நேற்று வரை அது சந்தேகம். இன்று அவள் கூட்டாமல் விட்டதால்தான் அம்பிகை அம்மாள் உறுதியாகக் கள்ளியாகிவிட்டார். தான் வாயை மூடிக்கொண்டு படுக்கிற ஒவ்வொரு ராத்திரியும் இன்னொருத்தி தலையில் பழியாக ஏறும். அப்படி ஒரு அறை வேண்டுமா? வேண்டும்தான். ஆனாலும் இப்படி வேண்டாம். செல்லாயி கூடையை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

திரும்பி வந்து, வேலிக்குக் கேட்கிற இடமாகப் பார்த்து நின்று, புனிதவதியம்மாவின் காலடியில் கூடையைக் கவிழ்த்தாள். வேண்டுமென்றேதான் உரக்கப் பேசினாள்.

"அந்தம்மா திருடலம்மா. நான்தான் அள்ளுனேன்."

"நீயோ?"

"நானேதான். தினமும் இருட்டுல கூட்டி, குழியில கொட்டினேன். இந்தாங்க, உங்க பூவு. பாதி அழுகிப்போச்சு."

புனிதவதியம்மா கூடையைப் பார்த்தார். கையிலிருந்த தட்டைப் பார்த்தார். "பவளமல்லிகையைக் கூட்டினனியோ?"

"பூவுன்னு தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தாலும் கூட்டித்தான் இருப்பேன். தரையில விழுந்தா குப்பைதானே? விழுந்த பூவ எங்க ஊர்ல எவளும் சாமிக்கு வைக்க மாட்டா."

"இந்தப் பூவை விழுந்த பிறகுதான் வைக்கிறது!"

"அத என்கிட்டச் சொல்லியிருக்கணும்ல? திருடன் திருடன்னுதான சொன்னீங்க?"

உள்ளே கண்ணாடி முன்னால் முகம் வழித்துக்கொண்டிருந்த இராஜசிங்கம், பாதி முகம் சோப்பு நுரையோடு படியில் வந்து நின்றார். "என்னப்பா, கள்ளரைப் பிடிச்சாச்சோ?" என்றார். இரண்டு பேர் முகத்தையும் பார்த்து, மிச்சப் பாதியை வழிக்க உள்ளே போய்விட்டார்.

புனிதவதியம்மா படியில் போய் உட்கார்ந்தார். "இருட்டிலை எழும்பிக் கூட்டச் சொல்லி ஆர் உனக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லல. பெரட்டு நேரம் வந்தா முழிப்பு வந்துருது."

"இஞ்சை ஆரடி பெரட்டு எடுக்கிறது?"

செல்லாயியே அதைத் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. துடைப்பத்தைப் பிடித்த கையை முதல்முறை பார்க்கிறவள் போலப் பார்த்தாள். பிறகு, "போகச் சொன்னா போயிடறேம்மா" என்றாள். "அவருக்கு மட்டும் மேடு ஏற முடியாது. கீழ எங்கயாவது ஒரு இடம் பார்த்துக்கிற வரைக்கும்..."

"நீ போனால் ஆடிக்கூழுக்கு மா ஆர் இடிக்கிறது?"

இப்போது வேலிக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். அடக்கி அடக்கிப் பார்த்து, அடக்க முடியாமல் வெடித்த சிரிப்பு. அம்பிகை அம்மாள் வேலி மேலாகத் தலையைக் காட்டினார். "புனிதம்! காவலுக்கு வைச்சீரே ஒரு ஆள்! நல்ல காவல்!"

புனிதவதியம்மாவுக்கு முகம் சிவந்தது. எழுந்து வேலிக்குப் போனார். அங்கே இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்பது செல்லாயிக்குக் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று அவளே வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போய்விட்டாள்.

ஆடி பிறந்த அன்று செல்லாயி இடித்த அரிசிமாவில், வறுத்த பயறும் தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் சேர்த்துப் புனிதவதியம்மா கூழ் காய்ச்சினார். முதல் சட்டியைச் செல்லாயி கையில் கொடுத்தனுப்பவில்லை. தானே தூக்கிக்கொண்டு போனார்.

"கூழ் ஆருக்கு? கள்ளிக்கோ?" என்று அம்பிகை அம்மாள் வாசலிலேயே மறித்தார்.

"கள்ளி எங்கடை வீட்டிலைதான் இருக்கிறாள். இது அக்காவுக்கு."

கள்ளிக்கும் கூழ் வந்தது. பலா இலையைக் கோட்டி ஈர்க்குக் குத்திய கரண்டியில் குடித்துவிட்டு, "இனிப்பு இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்" என்றாள் செல்லாயி.

வேலை போகவில்லை. ஒரே ஒரு கட்டளை வந்தது. வெளிச்சம் வருமுன் துடைப்பத்தைத் தொடக்கூடாது. செல்லாயி அதற்குத் தலையாட்டினாள். விழுந்த பூ விஷயத்துக்கு மட்டும் தலையாட்டவில்லை. தரையில் கிடந்ததைச் சாமிக்கு வைப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு அவளால் இருக்க முடியாது, அவ்வளவுதான். பிச்சைமுத்துவின் பழைய வேட்டி ஒன்றை வெளுத்து, மரத்தைச் சுற்றி நாலு குச்சி நட்டு, தரையில் படாமல் ஒரு சாண் உயரத்தில் இழுத்துக் கட்டினாள். வேலிக்கு அந்தப் பக்கமும் இன்னொரு துண்டு. அதன் முனையை அம்பிகை அம்மாளே பிடித்துக் கொடுத்தார்.

"இப்ப இது விழுந்த பூ இல்ல" என்றாள் செல்லாயி. "வேட்டி பிடிச்ச பூ."

"என் வேட்டிக்கு வந்த வாழ்வப் பாரு" என்றான் பிச்சைமுத்து. "நான் கட்டினப்போ ஒரு மரியாதையும் இல்ல."

எலும்பு மட்டும் எந்தக் கட்டளைக்கும் அடங்கவில்லை. பெரட்டு நேரத்துக்கு அவளை எழுப்பிவிட்டது. துடைப்பம் தொட முடியாமல், சமையல்கட்டுப் படியில் வந்து உட்கார்ந்தாள். சும்மா இருக்கிற கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்தாள், முழங்காலில் வைத்தாள், கன்னத்தில் வைத்தாள். அப்போதுதான் கேட்டது. இழுத்துக் கட்டிய வேட்டியில் பொத்தென்று ஒரு சின்னச் சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு இரண்டு சேர்ந்தாற்போல. ஒவ்வொரு பூவாக வந்து இறங்கிப் பேர் கொடுத்துக்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து பிச்சைமுத்து தூக்கக் கலக்கத்தில் குரல் கொடுத்தான். "என்னா, பெரட்டு முடிஞ்சிருச்சா?"

"இன்னும் ஆளு வந்துக்கிட்டே இருக்கு" என்றாள் செல்லாயி. "நீ தூங்கு."